முண்ணாண் காயத்தின் பின்னரான நரம்பு வலி: ஒரு மருந்து போதாதபோது

இடுப்புக்குக் கீழே உணர்வு முற்றாக அற்றுப்போன ஒருவரின் பாதத்தில் ஊசியால் குத்தினால் அவருக்குத் தெரியாது. சுடுநீர்ப் போத்தலை வைத்தால் தோல் வெந்து கொப்புளம் எழும் வரையில் அவர் அதனை அறியமாட்டார். ஆயினும் அதே பாதம் இரவு முழுவதும் தணலில் வைத்தது போன்று எரிகின்றது என அவர் கூறுவாராயின், கேட்பவர்கள் அதனை எவ்வாறு எடுத்துக்கொள்வர்? வீட்டார் செய்வதறியாது தவிப்பர். உறவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். 'உணர்வே இல்லாத காலில் எப்படி நோகும்?' என்ற கேள்வி வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ எழும். சில வேளைகளில் வைத்தியசாலையிலும் அதே கேள்வியே அவரை எதிர்கொள்ளும். இறுதியில் அவர் தமது வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுகின்றார்.

இந்த வலி கற்பனையன்று. முள்ளந்தண்டின் உள்ளே செல்லும் நரம்புக் கற்றையாகிய முண்ணாண் காயமடைந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு இது ஏற்படுகின்றது. பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2017 இல் வெளியிடப்பட்ட பகுப்பாய்வொன்று இதனை 53 சதவீதம் எனக் கணித்தது. அவுஸ்திரேலியாவில் நோயாளர்களை 5 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2003 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அக்கால முடிவில் 81 சதவீதமானோர் ஏதோவொரு வகை வலியுடன் இருந்தமை கண்டறியப்பட்டது. காலம் செல்லச்செல்லத் தானாகவே மறைந்துவிடும் என்ற ஆறுதல் வார்த்தைக்கு இங்கு இடமில்லை.

எமது நாட்டில் இது சிறிய விடயமன்று. 2009 மே மாதத்தில் முடிவுற்ற யுத்தம் எறிகணைச் சிதறல்களாலும் துப்பாக்கிச் சன்னங்களாலும் முண்ணாண் சிதைந்த பலரை விட்டுச்சென்றது. அவர்களுள் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடங்குவர். யுத்தம் ஓய்ந்த பின்னரும் தென்னையிலும் பனையிலும் ஏறித் தொழில் செய்கையில் வீழ்வோர், வீதி விபத்துக்களில் சிக்குவோர் எனப் புதியவர்கள் றாகமை புனர்வாழ்வு வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு வந்துகொண்டேயிருக்கின்றனர். சக்கர நாற்காலியும் மலசலகூட வசதியும் படுக்கைப்புண் பராமரிப்பும் பற்றி ஓரளவாவது பேசுகின்றோம். வலியைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகின்றோம். அவர்களுட் பலர் ஒரு குளிசை பலனளிக்காதபோது மற்றொன்றையும், அதன்மேல் இன்னொன்றையும் விழுங்கி வருகின்றனர். இவ்வாறு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதற்கு விஞ்ஞான அடிப்படை உண்டா, உண்டெனில் அதன் எல்லை எது என்பதை நோக்குவது அவசியமாகின்றது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முண்ணாண் காயமடைந்தவருக்கு வரும் எல்லா வலியும் நரம்பு வலியன்று. நாள்தோறும் சக்கர நாற்காலியைத் தள்ளுவதால் தோள்மூட்டில் ஏற்படும் நோவும், தசை இறுக்கத்தினால் வரும் உளைவும், சிறுநீர்ப்பையில் கல் உண்டாவதால் வரும் வலியும் ஏனையோருக்கு வருவன போன்றவையே. அவற்றுக்குரிய சிகிச்சை வேறு. நரம்பு வலி என்பது காயமுற்ற நரம்புத் தொகுதி தானே உற்பத்தி செய்யும் வலியாகும். 2012 இல் வெளியிடப்பட்ட சர்வதேச வகைப்பாடு இதனை இரண்டாகப் பிரித்து நோக்குகின்றது. காயம் ஏற்பட்ட மட்டத்திலேயே, நெஞ்சை அல்லது வயிற்றைச் சுற்றிக் கச்சையால் இறுக்கிக் கட்டியது போன்று வருவது ஒன்று. அம்மட்டத்துக்குக் கீழே, உணர்வு குன்றிய அல்லது அற்ற கால்களிலும் இருக்கையிலும் எரிவாகவும் மின் பாய்வது போன்றும் ஆயிரம் ஊசிகள் குத்துவது போன்றும் வருவது மற்றையது. இந்த இரண்டாவது வகை காயம் ஏற்பட்ட உடனேயே தோன்றுவதில்லை. பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேல் கழிந்த பின்னரே அது தலைகாட்டும். காயம் ஆறிவிட்டது, இனி எல்லாம் சரி என்று குடும்பம் ஆறுதலடைந்திருக்கும் வேளையில் வருவதனாலேயே அது நம்பப்படுவதில்லை போலும்.

உணர்வற்ற கால் எவ்வாறு எரியும்? ஊரொன்றுக்குச் செல்லும் தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவ்வூரிலிருந்து எந்தச் செய்தியும் வருவதில்லை. நகரத்து நிலையத்தில் அமர்ந்திருப்பவரோ செய்தி கேட்கவில்லையே என ஒலியின் அளவைக் கூட்டிக்கொண்டே செல்கின்றார். ஈற்றில் வெறும் இரைச்சலே பேரோசையாக அவரது காதைத் துளைக்கின்றது. ஊரில் எதுவும் நடக்கவில்லை. எனினும் அவருக்கு அந்த இரைச்சல் அவ்வூரிலிருந்து வருவதாகவே தோன்றுகின்றது. முண்ணாண் அறுபட்ட பின்னர் மூளைக்கும் அதனை அடுத்த நரம்புக் கலங்களுக்கும் நேர்வது ஏறக்குறைய இத்தகையதே.

உவமை இலகுவானது, உடலில் நிகழ்வது அத்துணை இலகுவானதன்று. காயத்தின் விளிம்பில் உயிர் தப்பிய நரம்புக் கலங்கள் மிகையாகத் தூண்டப்படும் நிலையை அடைகின்றன. அக்கலங்களின் முனைகளிலுள்ள கல்சியம் வாயில்கள் அளவுக்கு அதிகமாகத் திறந்து, வலிச் செய்தியைக் கடத்தும் இரசாயனப் பொருட்களை வெளிவிடுகின்றன. குளூட்டமேற்று என்னும் இரசாயனம் அடுத்துள்ள கலங்களை இடைவிடாது தட்டியெழுப்புகின்றது. சாதாரண காலத்தில் மூளையிலிருந்து கீழிறங்கி வலியை அடக்கிவைக்கும் பாதைகள் உண்டு. நோர்அதிரனலின், செரட்டோனின் என்பவற்றின் துணையுடன் இயங்கும் அப்பாதைகளும் காயத்தினால் துண்டிக்கப்படுகின்றன. நரம்புக் கலங்களைத் தாங்கி நிற்கும் துணைக்கலங்கள் அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கின்றன. மூளையிலோ கால்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பகுதி செய்தி கிடைக்காமையால் தன் எல்லைகளை மாற்றியமைத்துக்கொள்கின்றது.

கேடு ஓரிடத்தில் மட்டும் இல்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. ஒரு மருந்து பொதுவாக ஓரிடத்தையே தாக்கும். கபபென்ரின், பிரிகபலின் ஆகிய இரண்டும் கல்சியம் வாயில்களின் மீது செயற்படுகின்றன. அமிற்றிப்ரிலின், நோர்ட்ரிப்ரிலின், டுலொக்செற்றின் ஆகியன கீழிறங்கும் அடக்குப் பாதைகளுக்கு வலுவூட்டுகின்றன. இம்மூன்றும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுவதால், 'எனக்கு விசருக்கு மருந்து தந்துவிட்டார்கள்' என்று சிலர் குளிசையை வீசிவிடுவதுண்டு. வலிக்கு அவை பயன்படுவது வேறொரு காரணத்துக்காக என்பதை மருந்து எழுதும்போதே சொல்லிவிட்டால் இந்த இடர்ப்பாடு நேராது. கெற்றமின் குளூட்டமேற்றின் வாயிலை அடைக்கின்றது. மோர்பினும் ட்ரமடோலும் வேறு வழிகளில் செல்கின்றன.

தனி மருந்துகளின் பலன் எவ்வளவு? 2006 இல் அவுஸ்திரேலிய வைத்திய நிலையங்களில் முண்ணாண் காயமுற்ற 137 பேரிடம் 12 வாரங்கள் நடத்தப்பட்ட ஆய்வில், 10 புள்ளி அளவீட்டில் பிரிகபலின் பெற்றவர்களின் சராசரி வலி 4.62 ஆகவும் வெற்றுக் குளிசை பெற்றவர்களின் வலி 6.27 ஆகவும் முடிந்தது. 220 பேரைக் கொண்டு 2013 இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வும் அம்மருந்தின் பயனை உறுதிப்படுத்தியது. ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2012 இல் பிரிகபலினை இத்தேவைக்கென அங்கீகரித்தது. அமிற்றிப்ரிலினின் கதை இவ்வளவு நேரானதன்று. 84 பேரிடம் நடத்தப்பட்டு 2002 இல் வெளியான ஆய்வில் அது முண்ணாண் காயத்தின் பின்னரான வலிக்கு எவ்விதப் பயனும் காட்டவில்லை. 2007 இல் வெளியான சிறிய ஆய்விலோ மனச்சோர்வும் சேர்ந்திருந்தவர்களுக்கு அது கபபென்ரினைவிட நன்றாக உதவியது.

பயனை அளக்க வைத்தியர்கள் வேறொரு கணக்கையும் பயன்படுத்துவர். எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தால் வெற்றுக் குளிசையால் கிடைக்கக்கூடியதைவிட மேலதிகமாக ஒருவரின் வலி அரைவாசியாகக் குறையும் என்பதே அது. எல்லா வகை நரம்பு வலிகளையும் ஒன்றாக எடுத்து 2015 இல் வெளியிடப்பட்ட சர்வதேச மதிப்பீட்டின்படி அமிற்றிப்ரிலின் குடும்பத்து மருந்துகளுக்கு அவ்வெண் 3.6, பிரிகபலினுக்கு 7.7. அதாவது எட்டுப் பேர் பிரிகபலினை உட்கொண்டால் ஒருவரே அம்மருந்தினால் பெரும் பலன் பெறுகின்றார். ஏனையோர் சிறிதளவு தணிவையோ, அல்லது தூக்கக் கலக்கத்தையும் தலைச்சுற்றையும் மட்டுமோ பெறுகின்றனர். இந்த ஏமாற்றத்திலிருந்தே மருந்துகளை இணைக்கும் எண்ணம் பிறந்தது.

இணைப்பு வைத்தியத்தின் தர்க்கம் இதுதான். வெவ்வேறு இடங்களைத் தாக்கும் இரு மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தால் வலித் தணிவு கூடும். ஒவ்வொன்றின் பக்க விளைவும் கட்டுக்குள் இருக்கும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இதனைச் சோதித்துப் பார்த்தவர்களுள் கனடாவின் கிங்ஸ்ரன் நகரிலுள்ள குயீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். நீரிழிவினால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களும், அக்கி வந்து மாறிய பின்னரும் வலி மாறாதவர்களுமாக 57 பேரை அவர்கள் சேர்த்தனர். ஒவ்வொருவருக்கும் மோர்பின் தனியாக, கபபென்ரின் தனியாக, இரண்டும் சேர்த்து, வலியைத் தீர்க்காத ஒரு மருந்து என நான்கு வகையும் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து ஐந்து வாரங்களுக்குக் கொடுக்கப்பட்டன. எவ்வேளையில் எதனை உட்கொள்கின்றனர் என்பது நோயாளருக்கும் தெரியாது, பரிசோதிப்போருக்கும் தெரியாது. 2005 இல் வெளியான முடிவின்படி, தொடக்கத்தில் 5.72 ஆக இருந்த சராசரி வலி கபபென்ரினால் 4.15 ஆகவும் மோர்பினால் 3.70 ஆகவும் இரண்டும் சேர்ந்தபோது 3.06 ஆகவும் குறைந்தது. பயனற்ற மருந்துடனும் அது 4.49 ஆகக் குறைந்திருந்தது என்பதையும் மறத்தலாகாது. சேர்த்துக் கொடுத்தபோது தாங்கக்கூடிய மோர்பினின் அளவு நாளொன்றுக்கு 45.3 மில்லிகிராமிலிருந்து 34.4 ஆகக் குறைந்தமை இன்னொரு அனுகூலம். மலச்சிக்கலும் வாய் உலர்வும் தொடர்ந்தன என்பது பிரதிகூலம்.

அதே குழுவினர் 2009 இல் அபாயம் குறைந்த சோடியொன்றை எடுத்துக்கொண்டனர். நோர்ட்ரிப்ரிலினும் கபபென்ரினும் 56 பேருக்குக் கொடுக்கப்பட்டன. 5.4 ஆக இருந்த வலி கபபென்ரினால் 3.2, நோர்ட்ரிப்ரிலினால் 2.9, இரண்டும் சேர்ந்தபோது 2.3 என இறங்கியது. தூக்கத்துக்கு இடையூறும் குறைந்தது. வறிய நாடுகளுக்கு இவ்விரண்டாவது சோதனையே கூடிய பயனுடையது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். மோர்பினைப் பெறுவதிலுள்ள கட்டுப்பாடுகளும் அச்சமும் இங்கு இல்லை. நோர்ட்ரிப்ரிலினுக்கு நெருங்கிய உறவான அமிற்றிப்ரிலின் மிகவும் மலிவானது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எமது அரசாங்க வைத்தியசாலைகளில் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டதை அனுபவித்தவர்களுக்கு மருந்தின் விலை எத்தகைய விடயம் என்பதை விளக்கத் தேவையில்லை.

எனினும் இணைப்பு எப்போதும் வெல்வதில்லை. நீரிழிவு நரம்பு வலியுள்ளோரில் 2013 இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வொன்றில், டுலொக்செற்றினையும் பிரிகபலினையும் சாதாரண அளவில் சேர்த்துக் கொடுப்பதும், அவற்றுள் ஒன்றை மட்டும் உயர்ந்த அளவுக்குக் கூட்டுவதும் ஏறத்தாழ ஒரே பலனையே தந்தன. 2022 இல் பிரித்தானியாவின் 13 நிலையங்களில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு இன்னொரு பாடத்தைத் தந்தது. அமிற்றிப்ரிலின், டுலொக்செற்றின், பிரிகபலின் ஆகியவற்றுள் ஒன்றைத் தொடங்கி, போதாதவிடத்து இன்னொன்றைச் சேர்க்கும் மூன்று வழிமுறைகள் ஒப்பிடப்பட்டன. மூன்றும் சமமாகவே உதவின. 16 வாரங்களில் 6.6 ஆக இருந்த வலி 3.3 ஆகக் குறைந்தது. எந்த மருந்தில் தொடங்குவது என்பதைவிட, தொடங்கியது போதாதபோது உரிய முறையில் அடுத்ததைச் சேர்ப்பதே முக்கியம் என்பது இதிலிருந்து தெரிகின்றது.

இங்கு வாசகர் ஒரு குறையைக் கவனித்திருப்பர். இதுவரை கூறிய இணைப்பு ஆய்வுகள் யாவும் நீரிழிவு நோயாளரையும் அக்கி நோயாளரையும் கொண்டு செய்யப்பட்டவை. அவர்களது காயம் கால், தோல் ஆகியவற்றுக்குச் செல்லும் வெளி நரம்புகளில் உள்ளது, முண்ணாணில் இல்லை. நீரிழிவு நோயாளர் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருப்பதால் மருந்துக் கம்பனிகள் அவர்களை நாடிச் செல்கின்றன. முண்ணாண் காயமுற்றோரின் தொகை சிறியது. ஆகவே அவர்களுக்கான வைத்தியத்தின் பெரும்பகுதி மற்றவர்களிடமிருந்து இரவல் வாங்கியதாகவே உள்ளது.

முண்ணாண் காயமுற்றோரிடமே செய்யப்பட்ட இணைப்பு ஆய்வுகள் சிலவே. அவற்றுள் பழையது 2000 ஆம் ஆண்டில் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு. 15 பேரின் முண்ணாணைச் சூழவுள்ள திரவத்தினுள் மோர்பினும் குளோனிடினும் நேரடியாகச் செலுத்தப்பட்டன. தனித்தனியே கொடுத்தபோது இரண்டுமே வெற்று மருந்தை விஞ்சவில்லை. சேர்த்துக் கொடுத்தபோது வலி குறிப்பிடத்தக்க அளவில் தணிந்தது. சேர்க்கையின் சக்தியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இத்துறையில் அரிது. ஆனால் அளக்கப்பட்டது சில மணித்தியாலங்களுக்கான தணிவே. அதனை வீட்டிலிருக்கும் நோயாளிக்கு நாள்தோறும் வழங்குவதற்கு உடலினுள் பம்பி பொருத்த வேண்டும், அதனைக் கவனிக்க நிபுணர் குழு வேண்டும்.

எகிப்தின் மன்சூரா பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில் 40 பேர் பங்குபற்றினர். எல்லோருக்கும் கபபென்ரின் 300 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தடவை கொடுக்கப்பட்டது. அரைவாசிப் பேருக்கு மாத்திரம் மேலதிகமாக ஏழு நாட்கள், நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் கெற்றமின் சிறிய அளவில் நாளத்தினூடாக ஏற்றப்பட்டது. கெற்றமின் பெற்றவர்களின் வலி விரைவாகக் குறைந்தது. ஏற்றுவதை நிறுத்திய பின்னரும் இரண்டு வாரங்களுக்கு அத்தணிவு நிலைத்தது. மூன்றாம் நான்காம் வாரங்களில் இரு குழுக்களுக்குமிடையே வேறுபாடு மறைந்துவிட்டது. ஆகவே இது நெருக்கடி வேளையில் ஒரு மூச்சு விடும் இடைவெளியைத் தரும் வழியே தவிர நிரந்தரத் தீர்வன்று.

மிகவும் வியப்பூட்டுவது ஸ்பெயினின் பார்சிலோனா நகரை அண்டிய குட்மன் நிலையத்தில் செய்யப்பட்ட ஆய்வாகும். 1944 இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முண்ணாண் காயமுற்ற படைவீரர்களுக்கான பிரிவைத் தொடக்கி, அத்துறையையே மாற்றியமைத்த சேர் லுட்விக் குட்மனின் பெயரைத் தாங்கிய நிலையம் அது. 2010 இல் வெளியான அவ்வாய்வில் மருந்துகள் அல்ல, மூளையே இலக்காகியது. நோயாளியின் தலையின் மீது மிக மெல்லிய மின்னோட்டம் 20 நிமிடம் செலுத்தப்பட்டது. அதே வேளை அவருக்கு முன்னால் ஒரு திரையும் கண்ணாடியும் வைக்கப்பட்டன. கண்ணாடியில் அவரது மேலுடல் தெரியும். அதன் கீழே திரையில் நடந்து செல்லும் கால்கள் தெரியும். பார்ப்பவருக்குத் தாமே நடப்பது போன்ற தோற்றம் உண்டாகும். 39 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு இரு வாரங்களில் 10 தடவைகள் சிகிச்சை பெற்றனர். மின்னோட்டமும் நடைக் காட்சியும் சேர்ந்தே கிடைத்தவர்களின் வலி, ஒன்றை மட்டும் பெற்றவர்களினதையும் எதுவும் பெறாதவர்களினதையும்விடக் கூடுதலாகத் தணிந்தது. செய்தியற்றுக் கிடந்த மூளையின் பகுதிக்கு, பொய்யாயினும் ஒரு செய்தி கிடைத்ததனால் இரைச்சல் அடங்கியது எனலாம். ஆனால் பல ஆண்டுகளாக வலியுடன் வாழ்ந்த 10 பேரிடம் மின்னோட்டத்தை மட்டும் சோதித்து 2013 இல் வெளியான சிட்னி ஆய்வு எவ்விதப் பயனையும் காணவில்லை. கனடிய வழிகாட்டல்கள் 2016 இல் இம்முறையைத் தனியாகவும் நடைக் காட்சியுடன் இணைத்தும் மூன்றாம் வரிசையில் வைத்தன. முதல் வரிசையில் பிரிகபலின், கபபென்ரின், அமிற்றிப்ரிலின் ஆகியனவே இடம்பெற்றன.

இணைப்பு என்றவுடன் இரண்டு குளிசைகளை மட்டும் எண்ணிக்கொள்வதும் தவறு. சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், நாட்கணக்கான மலச்சிக்கல் ஆகியன நரம்பு வலியை எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தாற்போல் பெருக்கும். அவற்றைக் கவனிக்காமல் மருந்தின் அளவைக் கூட்டுவது வீண். நெதர்லாந்தில் 61 பேரிடம் நடத்தப்பட்டு 2012 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், வலியைப் பற்றிய விளக்கமும் அதனை எதிர்கொள்ளும் உளப்பயிற்சியும் சேர்த்து வழங்கப்பட்டன. வலியின் அளவில் ஒப்பீட்டுக் குழுவைவிடப் பெரிய மாற்றம் நிரூபிக்கப்படவில்லை. எனினும் பதகளிப்புக் குறைந்தது. மக்கள் வெளியே சென்று கருமங்களில் ஈடுபடுவது கூடியது. வலி அப்படியே இருக்க வாழ்க்கை சற்று விரிவது சிறிய விடயமா என்பதைச் சக்கர நாற்காலியில் இருப்பவரே கூற வேண்டும்.

இனி அபாயங்கள். முண்ணாண் காயமுற்றவரின் உடல் ஏனையோரின் உடலைப் போன்றதன்று என்பதால் மற்றவர்களுக்குச் சிறு தொல்லையாக இருப்பது இவருக்குப் பெரும் தீங்காகலாம். அமிற்றிப்ரிலின் சிறுநீரைத் தடுக்கும், மலச்சிக்கலைக் கூட்டும், எழுந்து அமரும்போது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். இம்மூன்றும் இவரிடம் ஏற்கனவே உள்ள பிரச்சினைகள். சிறுநீர்ப்பைக்கென ஒக்ஸிபியூற்றினின் எடுப்பவருக்கு அமிற்றிப்ரிலினையும் சேர்க்கும்போது இரண்டும் ஒரே திசையில் இழுக்கும்; வாய் வறளும், குடல் மந்தமடையும், முதியவர்களுக்கு மனக் குழப்பமும் வரும். தசை இறுக்கத்துக்கான பக்ளோபென் தூக்கத்தைத் தரும். அதன்மேல் கபபென்ரினும் தூக்கத்தைத் தரும். ஆகவே வலிக்கு ஒரே மருந்தையே எடுக்கின்றேன் என நம்பும் ஒருவர் உண்மையில் ஓர் இணைப்பு வைத்தியத்திலேயே இருக்கக்கூடும். வெவ்வேறு கிளினிக்குகளில் பெற்ற மருந்துகளை ஒரே மேசையில் பரப்பி ஒரு வைத்தியர் பார்த்தாலன்றி இது வெளிச்சத்துக்கு வராது.

கபபென்ரினும் பிரிகபலினும் ஒரே வாயிலையே அடைப்பதால் இரண்டையும் சேர்ப்பதில் அர்த்தமில்லை. வெவ்வேறு கம்பனிப் பெயர்களில் ஒரே மருந்தை இரு தடவை விழுங்குவோரும் உளர். இவை மோர்பின், ட்ரமடோல், தூக்க மருந்துகள் போன்றவற்றுடன் சேரும்போது சுவாசம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என ஐக்கிய அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் 2019 டிசெம்பரில் எச்சரித்தது. கழுத்து மட்டத்தில் காயமடைந்து சுவாசத் தசைகள் பலவீனமடைந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். ட்ரமடோலை அமிற்றிப்ரிலினுடனோ டுலொக்செற்றினுடனோ சேர்த்தால் செரட்டோனின் மிகைப்பட்டு நடுக்கமும் வியர்வையும் காய்ச்சலும் பதற்றமும் தோன்றலாம். வலிப்பு வருவதற்கான வாய்ப்பும் கூடும். கபபென்ரினும் பிரிகபலினும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியுள்ள வடமத்திய மாகாணத்திலும் அதனை அண்டிய பகுதிகளிலும் வாழ்வோர் இரத்தப் பரிசோதனையின்றி இவற்றைத் தொடங்கலாகாது.

இன்னொரு சங்கடமும் அண்மைக்காலத்தில் சேர்ந்துள்ளது. பிரிகபலின் குளிசைகள் இந்நாட்டில் போதைக்காகச் சட்டவிரோதமாக விற்கப்படுவதும் பொலிஸார் அவற்றைக் கைப்பற்றுவதும் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுகின்றன. பிரித்தானியா 2019 ஏப்ரலில் இம்மருந்தையும் கபபென்ரினையும் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. கட்டுப்பாடு வேண்டியதே. ஆனால் மருந்துச் சிட்டையுடன் பாமஸிக்குச் செல்லும் உண்மையான நோயாளி சந்தேகக் கண்ணோடு நோக்கப்படுவது நியாயமாகாது. சிட்டையின் பிரதியையும் கிளினிக் புத்தகத்தையும் கையோடு வைத்திருப்பது அவருக்குப் பாதுகாப்பு. சிட்டையின்றி அயலவரிடம் வாங்கி உட்கொள்வதை அவரும் தவிர்க்க வேண்டும்.

இணைப்பு வைத்தியம் முறையாக நடைபெறுவதாயின் ஒரு மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, தாங்கக்கூடிய அளவில் சில வாரங்கள் வைத்துப் பார்க்க வேண்டும். சற்றும் பலனில்லையெனில் அதனை மெதுவாகக் குறைத்து நிறுத்தி வேறொன்றுக்கு மாற வேண்டும். ஓரளவு பலன் தந்து நின்றுவிட்டால் மாத்திரமே வேறு வகை மருந்தொன்றைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எது உதவியது, எது தலைச்சுற்றைத் தந்தது என்பதை எவராலும் பிரித்தறிய முடியாது. வலி 10 இலிருந்து 7 ஆகக் குறைவதும் ஆய்வாளர்களால் பயனுள்ள மாற்றமாகவே கொள்ளப்படுகின்றது. முற்றாக நீங்கவில்லை என்பதற்காக அதனைத் தோல்வியெனக் கருதி மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. கபபென்ரினையோ பிரிகபலினையோ திடீரென விட்டால் தூக்கமின்மையும் பதற்றமும் சிலருக்கு வலிப்பும் வரலாம். பக்ளோபெனைத் திடீரென விடுவது அதனிலும் ஆபத்தானது.

நோன்பு காலத்தில் இப்பிரச்சினை முஸ்லிம் நோயாளருக்கு நேரடியாகவே எழுகின்றது. கபபென்ரின் வழமையாக நாளுக்கு மூன்று தடவை எடுக்கப்படுவது; பகல் வேளைக் குளிசையைத் தாமாகவே விட்டுவிடுவோர் உண்டு. பிரிகபலினை நாளுக்கு இரண்டு தடவை எடுக்கலாம் என்பதால் ஸஹர் வேளையும் நோன்பு துறக்கும் வேளையும் அதற்குப் பொருந்தும். அமிற்றிப்ரிலின் இரவில் ஒரு தடவையே எடுக்கப்படுகின்றது. எனினும் முண்ணாண் காயமுற்றவர் பகல் முழுவதும் நீர் அருந்தாதிருந்தால் சிறுநீர்த் தொற்றும் கல்லும் ஏற்பட இடமுண்டு. நோயாளிக்கு மார்க்கம் வழங்கும் சலுகையையும் கருத்திற் கொண்டு, ரமழான் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னரே வைத்தியருடன் பேசி மருந்தையும் நேரத்தையும் மாற்றியமைத்துக்கொள்வது உகந்தது.

வைத்தியரிடம் செல்லும்போது 'நோகுது ஐயா' என்று மட்டும் கூறுவது போதாது. எரிவா, குத்தா, மின் பாய்வது போன்றதா, இறுக்கமா, காயத்தின் மட்டத்திலா கீழேயா, எந்நேரத்தில் கூடுகின்றது, தூக்கம் எத்தனை மணித்தியாலம் என்பவற்றை இரு வாரங்கள் ஒரு கொப்பியில் குறித்துச் செல்லலாம். எழுத இயலாதவருக்கு வீட்டிலுள்ள பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண்ணை நாள்தோறும் அதே நேரத்தில் இட்டு வந்தால், புதிய மருந்து சேர்ந்த நாளிலிருந்து அந்த எண் இறங்கியதா, நின்றதா என்பது கண்கூடாகத் தெரியும். மூன்றாவது மருந்தொன்று எழுதப்படும் தருணத்தில், முன்னைய இரண்டில் பயன் தராததை மெதுவாகக் குறைத்து நிறுத்த முடியுமா என அக்கொப்பியைக் காட்டிக் கேட்கலாம்.